பழவேற்காட்டு முகத்துவாரம் ஏன் தூர்கிறது?

தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்துகிடக்கும் பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் இதில் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஆனால் ஏரி தூர்ந்துவருவதற்கு ஆறுகளை மட்டும் காரணமாகச் சொல்வது சரியன்று; வந்த வண்டலைத் தங்கவைப்பதில் கடலுக்கும் பெரும்பங்கு உண்டு.

0.002 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள களித்துகள் அசையாத நன்னீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ 3 நாள் ஆகும். ஓதமோ, அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கமோ, சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி வடிகிறது. இடையே நீர் ஓட்டமின்றி நிற்கும் சிறுபொழுதில் தனித்துகள் எதுவும் அடியைத் தொட முடியாது. இதை மாற்றுவது உப்பு. களித்துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஆற்றுநீரில் அவை ஒன்றையொன்று விலக்கியபடி மிதந்து வருகின்றன. கடல்நீரிலுள்ள சோடியம், மக்னீசியம், கால்சியம் அயனிகள் அந்த விலக்கத்தைத் தளர்த்திவிடவே, மோதும் துகள்கள் ஒட்டித் திரண்டு, பல மடங்கு வேகமாக அடியில் இறங்குகின்றன. ஒருமுறை படிந்து இறுகிய களியை மறுபடி கிளப்ப, அதைக் கொண்டுவந்து சேர்த்த ஓட்டத்தைவிட வலுவான ஓட்டம் வேண்டும்.

கரையோரச் சேற்றைக் கையால் தோண்டினால் இது தெரியும். மேலே பழுப்பு நிறத்தில் குழம்பான மெல்லிய ஏடு. அதன் கீழே கன்னங்கரேலென்று, அழுகிய முட்டை நாற்றத்துடன் இறுகிய களி. காற்று புகாத ஆழத்தில் நுண்ணுயிரிகள் கடல்நீரின் சல்பேட்டைப் பயன்படுத்துவதால் விளையும் இரும்பு சல்பைடே அந்தக் கறுப்பு.

முகத்துவாரத்தின் கதை வேறு. அங்கே சேர்வது பெரும்பாலும் மணல். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையோர மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே. ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் வடக்கே செல்வதே மிகுதி. (சென்னைத் துறைமுகச் சுவர் இந்த மணலைத் தடுத்ததால்தான் மெரினா இவ்வளவு அகன்றது.) முகத்துவாரத்தின் வாய்ப்பகுதியில் குவியும் மணலை வெளியே தள்ளுவது, வடியும் நீரின் விசையும் ஐப்பசி, கார்த்திகை வெள்ளமும்தான். மழையற்ற மாதங்களில் அந்த விசை தளர்ந்தால் வாய் குறுகிவிடும். இறால் குஞ்சுகள் கடலிலிருந்து ஏரிக்குள் வருவதும் இவ்வழியே என்பதால், அடைப்பு நேரும்போது மீனவக் குடும்பங்களின் வருவாயே அடிபடுகிறது.

ஏரி மேடாக மேடாக, ஒவ்வோர் ஓதத்திலும் உள்ளே புகுந்து வெளியேறும் நீரின் அளவு குறைகிறது. நீர் குறைந்தால் மணலை அரிக்கும் வலுவும் குறைகிறது. ஆகவே முகத்துவாரத்தில் மட்டும் வெட்டியெடுத்த மணல், ஏரியின் உட்பகுதி ஆழமற்றே கிடக்கும்வரை, அடுத்த பருவ அலைகளோடு திரும்பி வந்துகொண்டேயிருக்கும்.