முடி ஈதர்

வெள்ளவத்தை ரியூசன் வகுப்பில் ‘கற்றயன்’ என்ற சொல்லை முதன்முதலில் கேட்டபோது, கடைசி வாங்கில் இருந்த நாங்கள் அதற்குப் ‘படித்த பிரமன்’ என்று பொருள் சொல்லிச் சிரித்தோம். அயன் என்றால் பிரமன்தானே! கிரேக்கத்தில் ‘அயன்’ என்றால் போவது, ‘கற்றா’ என்றால் கீழே. 1834 இல் விஞ்ஞானி மைக்கல் பரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். மின்னேற்றம் கொண்ட அணு அல்லது அணுக்கூட்டம்தான் அயன்; அதில் நேரேற்றம் (பொசிற்றிவ்) கொண்டதன் பெயர் கற்றயன். தமிழகத்தில் நேரயனி என்கிறார்கள். அதுதான் நல்ல தமிழ், ஆனால் பழக்கதோசம், எனக்குக் கற்றயன்தான் வருகிறது.

சரி, இன்றைய சொல் ‘கிரவுன் ஈதர்’. ஈதர் என்றால் இரண்டு காபன்களுக்கு நடுவே ஒட்சிசன் நிற்கும் சேர்வை. இது கற்றயன்களை ஆள் பார்த்துப் பிடிக்கும் வளைய மூலக்கூறு. அமெரிக்காவின் டூபொன்ற் இரசாயன நிறுவனத்தில் சார்ள்ஸ் பீடர்சன் வேறொன்றைச் செய்யப்போய், வெறும் 0.4 சதவீதம் பக்க விளைபொருளாகக் கிடைத்த வெள்ளைப் பளிங்கு அது. 1967 இல் வெளியிட்டார். 1987 இல் டொனல்ட் கிராம், ஜோன்-மரி லேன் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மாதிரியுருவைக் கட்டிப் பார்த்தால் அரசர் தலையணி போலவே இருந்ததாம். அயன் உள்ளே அமர்ந்தால் முடி சூட்டியது மாதிரி.

18-கிரவுன்-6 என்றால் வளையத்தில் 18 அணுக்கள், அவற்றில் 6 ஒட்சிசன். ஒட்சிசன்களின் தனிச்சோடி (பிணைப்பில் சேராத) இலத்திரன்கள் உள்ளே பார்த்து நின்று நேரேற்றத்தை இழுக்கும். அப்புறம் எல்லாம் அளவுதான். காலி வீதியில் காப்பு வாங்கியவர்களுக்கு இது தெரியும்: சின்னது ஏறாது, பெரியது கையில் நிற்காது. இந்த வளையத்தின் துளை 0.26 முதல் 0.32 நனோமீற்றர்; பொற்றாசியம் அயனின் விட்டம் 0.266. கச்சிதம். சோடியம் இதில் தளர்வாகத்தான் நிற்கும், அதற்கு 15-கிரவுன்-5 வேண்டும். இலிதியத்துக்கு 12-கிரவுன்-4.

வளையத்தின் வெளிப்புறம் எண்ணெய்த்தன்மை கொண்டது. அதனால் எண்ணெய் மாதிரியான பென்சீன் திரவத்தில் கரையவே கரையாத பொற்றாசியம் பரமங்கனேற்று என்ற ஊதா உப்பு, இந்த ஈதரைச் சேர்த்தால் கரைந்து பென்சீனையே ஊதாவாக்கிவிடும்.

தமிழில் கிரீட ஈதர் என்று எழுதுபவர்கள் உண்டு. பிழையில்லை, ஆனால் கிரீடம் தலையில் இருக்கும், அவ்வளவுதான். ‘முடி’ அப்படியில்லை. முடிசூட்டும் முடியும் அதுதான், பூவை முடிப்பதும் தாலிக்கு முடிச்சுப் போடுவதும் அதே சொல்தான். சூடுவதும் கட்டிப்பிடிப்பதும் ஒரே சொல்லுக்குள்! இந்த மூலக்கூறு செய்கிற வேலையும் அதுவே. இலத்தீன் ‘கொறோனா’வின் வழிவந்த கிரவுனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தங்கச்சியிடம் சொன்னேன். “முடி ஈதரா? தலைக்கு வைக்கிற எண்ணெயோ அண்ணா?” என்றாள். மணிமுடி ஈதர் என்று போட்டால் அந்தக் குழப்பம் போய்விடும், முடிச்சும் அவிழ்ந்துவிடும். அதனால் நான் முடி ஈதர் என்றே எழுதுகிறேன்.