கோல்ஃப் ஆட வரும் விருந்தினருக்கு: வெயிலும் இடியும்

டொரொன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்குக் கொழும்பு வரும் நம்மவர்களில் பலர், பொரளையிலுள்ள ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தில் ஒருநாளாவது ஆடிவிட வேண்டுமென்று ஆசைப்படுகிறார்கள். 1879இல் காலிமுகத்திடலில் தொடங்கி, பின்னர் இன்றைய இடத்துக்கு மாறி, 1928இல் அரச பட்டம் பெற்ற கழகம் அது. களனிவெளிப் புகையிரதம் குறுக்கே ஓடும் அந்த 18 குழித் திடலில் ஆட யாருக்குத்தான் மனம் வராது? விருந்தினர் கட்டணம், முன்பதிவு, ஆட்டத் திறனின் அளவைக் காட்டும் ஹேண்டிகாப் சான்றிதழ், கொலர் வைத்த சட்டை ஆகியவற்றைக் கழக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். குடும்ப வைத்தியர் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது, மறுநாள் தலைச்சுற்றோடும் கெண்டைக்கால் பிடிப்போடும் என்னிடம் வருபவர்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த விடயங்களை.

குளிர்நாட்டு உடல் நமது புழுக்கத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரங்கள் எடுக்கும். விமானத்தால் இறங்கிய மறுநாளே, நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வெயிலில் நடக்கும் ஆட்டத்துக்கு முன்பதிவு செய்வது புத்திசாலித்தனமல்ல. காற்றில் ஈரப்பதன் மிகுந்த ஊரில் வியர்வை எளிதில் உலராததால், எவ்வளவு வியர்த்தாலும் உடல் போதியளவு குளிர்வதில்லை. சிறுநீரைக் கூட்டும் பிரஷர் குளிசை எடுப்பவர்களும், நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்களும் ஆட்டத்துக்கு முன்பே தமது வைத்தியரிடம் பேச வேண்டும். தாமாகக் குளிசையை நிறுத்தக் கூடாது. அதிகாலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீரோ செவ்விளநீரோ குடியுங்கள். ஆட்டத்தின் நடுவே பியர் குடிப்பது தண்ணீருக்கு ஈடாகாது என்பதை விருந்தோம்புபவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். கூட வருபவர் பேச்சுத் தடுமாறினாலோ, ஆளடையாளம் குழம்பினாலோ அது வெறும் களைப்பல்ல. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடலை நனைத்து விசிறியபடியே அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

இவற்றைவிட என்னைக் கவலைப்படுத்துவது இடிமின்னல். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கொழும்பில் பிற்பகலில் வானம் இருண்டு இடி இடிப்பது வழமை. திறந்த புல்வெளி, தனித்து நிற்கும் மரம், கையில் உலோகக் கம்பு என்று மின்னலுக்கு உகந்த யாவும் கோல்ஃப் திடலில் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. ஆனாலும் அழைத்துவந்த மச்சான் ஆடிக்கொண்டிருக்கும்போது, "போவோம்" என்று முதலில் சொல்ல விருந்தினர் கூச்சப்படுகிறார். விருந்தினர் ஆசையோடு ஆடுகிறாரே என்று மச்சானும் பேசாமல் இருக்கிறார். இந்த மரியாதைதான் ஆபத்து. மின்னல் அபாயம் இருப்பதாக நியாயமாகக் கருதும் ஆட்டக்காரர் யாருடைய அனுமதியுமின்றி ஆட்டத்தை நிறுத்தலாம் என்று கோல்ஃப் விதிகளே சொல்கின்றன. போட்டிகளில் நீண்ட ஒற்றைச் சங்கொலி கேட்டால் அந்தக் கணமே நிறுத்தியாக வேண்டும். மின்னலைக் கண்டு 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது ஏறத்தாழ 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது; அதற்காக எண்ணிக்கொண்டு நிற்கவும் வேண்டாம், இடி காதில் விழுந்தாலே கிளம்புவது நல்லது. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழியும்வரை திரும்பக் கூடாது. மரத்தடியும், சுவரில்லாத கூரைக் கொட்டிலும், திறந்த கோல்ஃப் வண்டியும் பாதுகாப்பல்ல. கழகக் கட்டடம், அல்லது கண்ணாடி மூடிய கார், இவையே புகலிடம்.

இதில் ஆட்டக்காரரின் உதவியாளான கெடியை யாரும் நினைப்பதில்லை. பையையும் குடையையும் சுமந்து நிற்கும் அவர், நீங்கள் நகராமல் தானாக நகரமாட்டார். "இந்தக் குழியை மட்டும் முடித்துவிடுவோம்" என்பவர் தமது உயிரோடு சம்பளத்துக்கு நிற்கும் ஒருவரின் உயிரையும் சேர்த்தே பணயம் வைக்கிறார்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் அடிக்கும் என்று இன்னமும் நம்பித் தயங்குகிறார்கள். அவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. பலர் விழுந்திருந்தால் முனகுபவரை விட்டு, மூச்சில்லாமல் கிடப்பவரிடம் முதலில் ஓடுங்கள். உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கினால் அவர் பிழைக்க வாய்ப்புண்டு. அதேவேளை இன்னொருவர் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைத்து, எந்தக் குழிக்கு அருகே என்பதைச் சொல்லட்டும். மூன்றாமவர் வாயிலில் நின்று அம்புலன்ஸுக்கு வழிகாட்டட்டும்.