வரப்பு உடையவில்லை, வழியவும் இல்லை

குறுவை வயலில் மாலையில் தண்ணீர் கட்டிவிட்டு வருகிறோம். காலையில் போய்ப் பார்த்தால் பக்கத்து வயலிலும் தண்ணீர் நிற்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் எந்த விவசாயியும் மூன்று விஷயங்களைத்தான் முதலில் பார்ப்பார். ராத்திரிக் காற்றில் அலையடித்து வரப்புக்கு மேலாக வழிந்ததா? வரப்பில் நண்டு வளை இருக்கிறதா? யாராவது மடையைத் திறந்துவிட்டார்களா? மூன்றில் ஒன்று அகப்பட்டுவிடும். மூன்றும் இல்லை, வரப்பு கெட்டியாக இருக்கிறது, ஆனாலும் தண்ணீர் அந்தப் பக்கம் போயிருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டோம்.

2025ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு, அப்படி நம்ப முடியாத ஒன்றை ஒரு மின்சுற்றில் நிரூபித்துக் காட்டியதற்காகத் தரப்பட்டது. அமெரிக்காவில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1984, 1985 ஆண்டுகளில் நடந்த சோதனைகள் அவை. ஜான் கிளார்க் பேராசிரியர். மிஷேல் டெவோரே முனைவர் பட்டம் முடித்து அங்கே வந்திருந்த ஆய்வாளர். ஜான் மார்ட்டினிஸ் ஆய்வு மாணவர். இன்று கூகுள், ஐபிஎம் போன்ற நிறுவனங்கள் கட்டும் குவாண்டம் கணினிகள் இந்தச் சோதனை போட்ட பாதையில்தான் போகின்றன.

அணுவுக்குள் இருக்கும் சின்னத் துகள் ஒரு தடையை ஏறிக் கடக்காமலேயே மறுபக்கம் தோன்றும் என்பது 1928இலேயே தெரியும். யுரேனியம் போன்ற கனமான அணுக்கருவிலிருந்து ஆல்ஃபா துகள் வெளியே வருவதை ஜார்ஜ் காமோவ் அப்படித்தான் விளக்கினார். டனலிங், அதாவது குவாண்டம் ஊடுருவல் என்று இதற்குப் பெயர். ஆனால் அது ஒற்றைத் துகளின் கதை. கோடிக்கணக்கான எலெக்ட்ரான்கள் சேர்ந்த, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருள் மொத்தமாக ஊடுருவுமா? இந்தக் கேள்வியை விடாமல் எழுப்பி, சோதிக்க முடியும் என்று கணக்கும் போட்டுக் காட்டியவர் ஆண்டனி லெகெட். அவர் 2003இல் வேறொரு பணிக்காக நோபல் பெற்றார்.

சோதனைக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஜோசப்சன் சந்தி. கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் இரண்டு மீக்கடத்தி உலோகங்கள், நடுவில் ஒரு நானோமீட்டர் அளவுக்கு மெல்லிய ஆக்சைடு படலம். அவ்வளவுதான். மீக்கடத்தியில் எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாகக் கூப்பர் ஜோடிகளாகச் சேர்ந்து, எல்லா ஜோடிகளும் ஒரே அலையாக நடக்கின்றன. அந்த அலைக்கு ஒரு கட்டம் உண்டு. அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் கோணம் அது. படலத்தின் இரு பக்கத்துக்கும் இடையே உள்ள கட்ட வேறுபாடு, சந்தி வழியாக எவ்வளவு மின்னோட்டம் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. 1962இல் கேம்பிரிட்ஜில் 22 வயது மாணவராக இருந்த பிரையன் ஜோசப்சன் சொன்னது இது. மின்னழுத்தம் துளியும் இல்லாமல் மின்னோட்டம் பாயும் என்றார் அவர். அப்படியே பாய்ந்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளக் கும்பகோணத்துக் கூடத்து ஊஞ்சல் போதும். சங்கிலிக்குப் பதிலாக வளையாத இரும்புக் கம்பி மாட்டிய ஊஞ்சல் என்று வைத்துக்கொள்வோம். இது பேச்சுக்குச் சொல்லும் உவமை இல்லை. ஊஞ்சலின் சமன்பாடும் ஜோசப்சன் சந்தியின் சமன்பாடும் ஒன்றேதான். ஊஞ்சலின் கோணம்தான் கட்ட வேறுபாடு. நாம் விடாமல் கொடுக்கும் முறுக்கு விசைதான் மின்னோட்டம். கொஞ்சம் விசை கொடுத்தால் ஊஞ்சல் ஒரு கோணத்தில் சாய்ந்து அப்படியே நிற்கும். சந்தியில் மின்னோட்டம் இருந்தும் மின்னழுத்தம் சுழியாக இருக்கும் நிலை அது. விசையைக் கூட்டிக்கொண்டே போனால் ஊஞ்சல் கிட்டத்தட்டப் படுக்கை வாட்டில் வந்துவிடும். அதற்கு மேல் தாங்காது, உத்தரத்தைச் சுற்றிக் கிறுகிறுவென்று சுழலத் தொடங்கிவிடும். சுழல்வதுதான் மின்னழுத்தம். ஒரு மைக்ரோவோல்ட்டுக்கு வினாடிக்கு 48 கோடியே 36 லட்சம் சுற்று. இந்த எண் அவ்வளவு துல்லியமானது என்பதால்தான் உலகெங்கும் ஆய்வகங்கள் ‘ஒரு வோல்ட்’ என்றால் எவ்வளவு என்பதை ஜோசப்சன் சந்தியை வைத்தே நிர்ணயிக்கின்றன.

படுக்கை வாட்டத்துக்குச் சற்று முன்னால் நிற்கும் ஊஞ்சலைக் கவனியுங்கள். அது சுழலத் தொடங்க ஒரு சின்ன மேட்டைக் கடக்க வேண்டும். யாராவது லேசாக இடித்தால் கடந்துவிடும். சந்தியை இடிப்பது வெப்பம். வரப்புக்கு மேலே அலையடித்து வழிவதற்குச் சமம் அது. யாரும் இடிக்காமலே ஊஞ்சல் தானாகச் சுழலத் தொடங்கினால் அது ஊடுருவல்.

பெர்க்லி சோதனையில் சந்தி தாங்கக்கூடிய உச்ச மின்னோட்டம் 10 மைக்ரோஆம்பியருக்குக் கிட்டத்தட்ட வந்தது. மின்னோட்டத்தை மெதுவாக ஏற்றுவார்கள். ஏதோ ஒரு கணத்தில் மின்னழுத்தம் சட்டென்று தோன்றும். அப்போதைய மின்னோட்டத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடி சுழியிலிருந்து தொடங்குவார்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு மின்னோட்டத்தில் தாவும். ஊடுருவல் எப்போது நடக்கும் என்பது சாத்தியக்கூறு மட்டுமே. அதனால் ஆயிரமாயிரம் முறை திரும்பத் திரும்பச் செய்து, அந்தப் பரவலிலிருந்து சந்தி தாவும் வேகத்தைக் கணக்கிட வேண்டும்.

மின்னோட்டத்தை உச்சத்துக்கு அவ்வளவு அருகே கொண்டுபோவது ஏன் என்பதை எண்கள் சொல்லும். சந்தியின் ஊசலாட்டத்துக்கு ஒரு குறைந்தபட்ச ஆற்றல் துணுக்கு உண்டு. மேட்டின் உயரம் அந்தத் துணுக்கு ஒன்றுக்குச் சமமாக இருந்தால், ஊடுருவும் வாய்ப்பைத் தீர்மானிக்கும் காரணி சுமார் 1,340இல் ஒன்று. உயரம் இரண்டு துணுக்கு என்றால் 18 லட்சத்தில் ஒன்று. மூன்று என்றால் 240 கோடியில் ஒன்று. வயல் வரப்பின் உயரத்தை இதே துணுக்குக் கணக்கில் எழுதினால் எண் எங்கோ போய்விடும். வயலில் இது நடக்காததற்குக் காரணம் அதுதான்.

இனிதான் கடினமான பகுதி. சந்தி தாவியதைப் பார்ப்பது எளிது. அதை இடித்தது வெப்பம் இல்லை, வெளியிலிருந்து கம்பி வழியாக வந்த இரைச்சலும் இல்லை என்று காட்டுவதுதான் சவால். வரப்பில் நண்டு வளையே இல்லை என்று நிரூபிப்பது போன்ற வேலை இது.

வெப்பத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. குளிரக் குளிர, வெப்பம் இடித்துத் தாவுவது குறைந்துகொண்டே போக வேண்டும். ஊடுருவல் உண்மையானால் ஒரு கட்டத்துக்குக் கீழே எவ்வளவு குளிர்வித்தாலும் வேகம் குறையாமல் சமமாகிவிட வேண்டும். சில ஜிகாஹெர்ட்ஸில் ஊசலாடும் சந்திக்கு அந்த எல்லை சுமார் 40 மில்லிகெல்வின். தனிச்சுழிக்கு மேலே ஒரு டிகிரியில் நூறில் நான்கு பங்கு. அளந்து வரைபடமாக்கியபோது அங்கேதான் வேகத்தைக் காட்டும் கோடு சமமானது.

ஆனால் கம்பி வழியே இரைச்சல் வந்துகொண்டிருந்தாலும் கோடு அதே மாதிரி சமமாகும்! முன்பு இத்தகைய சோதனைகளின் முடிவுகள் ஐயத்துக்கு இடமானது இந்த ஓட்டையால்தான். 5 ஜிகாஹெர்ட்ஸ் நுண்ணலையின் (மைக்ரோவேவ்) ஒரு துணுக்கு ஆற்றல் 0.24 கெல்வின் வெப்பத்துக்குச் சமம். அறையின் வெப்பம் 300 கெல்வின், அதைவிட 1,250 மடங்கு. அறையிலிருந்து சந்தி வரை போகும் ஒவ்வொரு கம்பியும் அந்த வெப்பத்தின் கூச்சலைக் கூடவே கொண்டுபோகும். சாதாரண மின்தேக்கி வடிகட்டிகள் தாழ்ந்த அதிர்வெண்ணைத்தான் தடுக்கும். நுண்ணலை அவற்றைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

பெர்க்லிக் குழு செய்த வடிகட்டியைப் பார்த்தால் இவ்வளவு எளிமையா என்று தோன்றும். ஒரு செம்புக் குழாய். அதற்குள் சுருட்டிய மெல்லிய கம்பி. மீதி இடம் முழுக்க நுண்ணிய செம்புத் தூள். தூளின் ஒவ்வொரு துகளையும் மெல்லிய ஆக்சைடு மூடியிருப்பதால் துகளுக்குத் துகள் மின்சாரம் கடக்காது. நுண்ணலை உலோகத்தின் மேற்பரப்பில் மட்டுமே ஓடும் இயல்புடையது. ஒரு பிடி தூளில் உள்ள மேற்பரப்பு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். அத்தனையிலும் ஓடி ஓடி நுண்ணலை வெப்பமாகித் தேய்ந்துவிடும். நேர்மின்னோட்டம் மட்டும் கம்பி வழியாகத் தொல்லையில்லாமல் போகும். குவாண்டம் ஆய்வகங்கள் இன்றும் இந்த வடிகட்டியைப் பயன்படுத்துகின்றன.

அதோடும் அவர்கள் நிற்கவில்லை. காந்தப் புலம் கொடுத்து அதே சந்தியின் உச்ச மின்னோட்டத்தைக் குறைத்தார்கள். அப்போது ஊடுருவல் எல்லையும் இன்னும் கீழே இறங்கிவிடும். அதே கம்பி, அதே வடிகட்டி, அதே குளிர். இரைச்சல்தான் காரணம் என்றால் இந்தச் சந்தியிலும் கோடு முன்பு போலவே சமமாக வேண்டும். ஆகவில்லை, குளிருக்கேற்ப இறங்கிக்கொண்டே போனது. ஆகவே நண்டு வளை இல்லை. சந்தியின் மின்தேக்கம், மின்தடை, உச்ச மின்னோட்டம் மூன்றையும் தனியாக அளந்துகொண்டு, ஒரு எண்ணைக்கூட இழுத்துப் பொருத்தாமல் கோட்பாட்டோடு ஒப்பிட்டார்கள். நோபல் பரிசுக்கு உரியது இந்த நேர்மைதான் என்பது என் கருத்து. ஊடுருவலைக் கண்டவர்கள் என்று சொல்வதைவிட, மற்ற எல்லாக் காரணங்களையும் ஒவ்வொன்றாக அடைத்தவர்கள் என்று சொல்வதே அவர்களுக்குப் பொருந்தும்.

இன்னொரு சோதனையில் சந்தியின் மீது நுண்ணலை பாய்ச்சினார்கள். குறிப்பிட்ட சில மின்னோட்டங்களில் மட்டும் தாவும் வேகம் திடீரென்று கூடியது. சந்தியின் ஆற்றல் சரிவுப்பாதை போல ஏறவில்லை, குளத்துப் படிக்கட்டு போலப் படிபடியாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. நுண்ணலை சந்தியை ஒரு படி மேலே தூக்கிவிடுகிறது. மேல் படியிலிருந்து ஊடுருவுவது சுலபம். முக்கியம் என்னவென்றால், படிகள் சம உயரமாக இல்லை. ஊஞ்சலைச் சின்னதாக ஆட்டினால் ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் மாறாது. வீசி ஆட்டினால் நேரம் கூடும். அதே காரணத்தால் மேலே போகப் போகப் படியின் உயரம் குறைகிறது.

இந்தச் சமமின்மைதான் குவாண்டம் கணினிக்கு உயிர். கீழிரண்டு படிகளை 0, 1 என்று வைத்துக்கொண்டால் குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான கியூபிட் கிடைத்தது. படிகள் சமமாக இருந்திருந்தால், 0லிருந்து 1க்குத் தூக்கும் நுண்ணலை 2க்கும் 3க்கும் தூக்கிக்கொண்டே போயிருக்கும். டிரான்ஸ்மான் என்ற, 2007இல் யேல் பல்கலைக்கழகத்தில் வடிவமைத்த கியூபிட்டில் முதல் படி சுமார் 5 ஜிகாஹெர்ட்ஸ். இரண்டாவது படி அதைவிட 200 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் குறைவு. கட்டளை கொடுக்கும் துடிப்பு 20 நானோவினாடி நீளம் என்றால் அதன் அதிர்வெண் சுமார் 50 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவும், பாதகமில்லை. அவசரப்பட்டு 4 நானோவினாடியாகச் சுருக்கினால் பரவல் 250 மெகாஹெர்ட்ஸ் ஆகி இரண்டாவது படியையும் தொட்டுவிடும். கணக்கு கெட்டுப்போகும்.

இன்றைய சந்தியை அலுமினியத்தில் செய்கிறார்கள். வெற்றிடத்தில் ஒரு சாய்வில் அலுமினிய ஆவி படிய வேண்டும். பிறகு கொஞ்சம் ஆக்சிஜனை உள்ளே விட்டால் மேற்பரப்பில் ஆக்சைடு படலம் உண்டாகும். அடுத்து வேறொரு சாய்வில் மறுபடி அலுமினியம். ஆக்சைடின் தடிமனில் ஓர் அணு அடுக்கு வித்தியாசம் வந்தாலும் மின்னோட்டம் பல மடங்கு மாறி, கியூபிட்டின் அதிர்வெண் பக்கத்துக் கியூபிட்டோடு மோதும். ஒழுங்கில்லாத ஆக்சைடுக்குள் அங்கங்கே அணுக்கள் இரண்டு இடங்களுக்கிடையே தத்தளித்துக்கொண்டு கியூபிட்டின் ஆற்றலைத் திருடும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் ஒன்று சிப்பில் பட்டால் கூப்பர் ஜோடிகள் உடைந்து, பல கியூபிட்கள் ஒரே நேரத்தில் தடுமாறும்.

பிழை வரும் என்று ஒத்துக்கொண்டு, அதைக் கண்டுபிடித்துத் திருத்துவதுதான் இப்போதைய வழி. 2024 டிசம்பரில் கூகுள் அறிவித்த வில்லோ சிப்பில் 105 கியூபிட்கள். ஒரே தகவலை 49 கியூபிட்களில் பரப்பி, 48 கியூபிட்களைக் காவலுக்கு வைத்தார்கள். 9க்கு 8, 25க்கு 24, 49க்கு 48 என்று கட்டத்தைப் பெரிதாக்கியபோது ஒவ்வொரு முறையும் பிழை பாதிக்கும் கீழே குறைந்தது. ஆள் கூடக் கூடப் பிழையும் கூடும் என்ற பழைய பயம் அங்கே உடைந்தது.

இவ்வளவும் நடப்பது 10 மில்லிகெல்வின் குளிரில். அதைத் தரும் கருவி, தங்கமுலாம் பூசிய செம்புத் தட்டுகள் அடுக்கடுக்காகத் தொங்கும் ஒரு பெரிய விளக்கு போல இருக்கும். மேல் தட்டு 50 கெல்வின், அடுத்தது 4, பிறகு 0.8, 0.1, அடித்தட்டில் 0.01. குளிர்விப்பது மண்பானை மாதிரிதான். பானையில் தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இங்கே ஹீலியத்தின் லேசான வகையான ஹீலியம்-3 அணுக்கள், கனமான வகையான ஹீலியம்-4க்குள் கரையும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கின்றன. இரண்டும் கலந்த திரவம் 0.87 கெல்வினுக்குக் கீழே இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். எவ்வளவு குளிர்ந்தாலும் கீழ் அடுக்கில் 6 சதவீதத்துக்கும் சற்று மேல் ஹீலியம்-3 கரைந்தே இருக்கும். அதனால்தான் குளிர்விப்பு நிற்பதில்லை. குழாயில் காற்று துளி கசிந்தாலும் நைட்ரஜன் உறைந்து நுண்குழாயை அடைத்துவிடும். பிறகு முழுக் கருவியையும் சூடாக்கி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மறுபடி குளிர ஒன்றிரண்டு நாள் ஆகும்.

இந்தியாவில் 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதன் நான்கு மையங்களில் குவாண்டம் தகவல் தொடர்புக்கானது சென்னை ஐஐடியில். ஜோசப்சன் சந்தியை வைத்துச் செய்யும் ஸ்க்விட் என்ற காந்த உணரிகளைக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம் பல வருடங்களாக உருவாக்கி வருகிறது. மூளையின் காந்தப் புலத்தையே அளக்கும் கருவி அது.

டெல்டாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, பெரும்பாலோருக்குத் தெரியாதது. காவிரிப் படுகையின் இயற்கை எரிவாயுவில் மிகச் சிறிய அளவு ஹீலியம் கலந்திருக்கிறது, ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதைப் பிரித்தெடுக்க முடியுமா என்று பார்க்க, குத்தாலத்தில் ஓஎன்ஜிசியின் வாயு சேகரிப்பு நிலையத்தில் கொல்கத்தாவின் அணுசக்தித் துறை மையம் ஒன்று முன்னோடி ஆலை அமைத்துச் சோதித்தது. ஹீலியம் எரியாது. குத்தாலம், கோவில்களப்பால் போன்ற இடங்களில் எரிவாயுவை மின்சாரத்துக்காக எரிக்கும்போது, அதில் கலந்திருக்கும் ஹீலியம் புகைபோக்கி வழியாக அப்படியே வானத்துக்குப் போய்விடும். ஒருமுறை போனால் பிடிக்க முடியாது.

அந்த ஹீலியம் பூமிக்குள் எப்படி வந்தது? பாறைகளில் உள்ள யுரேனியமும் தோரியமும் உமிழ்ந்த ஆல்ஃபா துகள்தான் ஹீலியத்தின் அணுக்கரு. காமோவ் 1928இல் விளக்கிய அதே ஊடுருவல். நம் காலுக்குக் கீழே, கோடிக்கணக்கான ஆண்டுகளாக, எந்த வரப்பும் உடையாமல் ஒவ்வொரு துகளாக வெளியே வந்து சேர்ந்தது அது.