வலது கையோடு பேச்சும் போவது ஏன்?

பாரிசவாதம் வந்து வீட்டோடு இருப்பவர்கள் நாலைந்து பேரைத் தேயிலைத் தோட்டத்தில் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். வலது கை விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் போயிருக்கும். இடது பக்கம் விழுந்தவர்கள் நாக்குக் குழறினாலும் சொல்ல வந்ததைப் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

உடம்பின் வலது பக்கத்தை இயக்குவது மூளையின் இடது பாதி. வலது கைப்பழக்கம் உள்ளவர்களில் ஏறக்குறைய 95 சதவீதத்தினருக்கு மொழியும் அந்தப் பாதியில்தான் இருக்கிறது. வலது கைக்கும் முகத்துக்குமான பகுதிகள், மொழிக்கான பகுதிகள் எல்லாவற்றுக்கும் இரத்தம் கொண்டுபோவது ஒரே பெரிய இரத்தக்குழாய். மேட்டுக் குழாயில் அடைப்பு விழுந்தால் கீழே லய வீடுகள் முழுக்கத் தண்ணீர் நின்றுபோகிறதே, அப்படித்தான் இந்தக் குழாய் அடைபட்டால் கையும் பேச்சும் சேர்ந்தே போகும். இப்படி வரும் மொழி இழப்புக்கு அஃபேசியா என்று பெயர். தலையில் பலத்த அடி பட்டாலும் இது வரலாம்.

1861இல் பாரிஸில் போல் புரோக்கா என்ற மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்தார். பல ஆண்டுகளாக அவர் வாயிலிருந்து வந்தது 'தான்' என்ற ஒரே ஒலிதான். மற்றவர்கள் சொல்வது அவருக்குப் புரிந்தது. அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது இடது பாதியின் முன்பக்கம் சிதைந்திருந்தது. அந்த இடம் கெட்டால் சொல் ஒவ்வொன்றாக, திக்கித் திக்கி வரும். "நேத்து டாக்டரைப் பார்க்கப் போனேன்" என்பது "டாக்டர்... நேத்து..." என்று நின்றுவிடும். என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு கோபமும் கண்ணீரும்.

1874இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த வகை வேறு. காதுக்கு மேலே, சற்றுப் பின்னால் உள்ள பகுதி கெட்டால் பேச்சு தடையில்லாமல் ஓடும், ஏற்ற இறக்கமும் சரியாக இருக்கும், ஆனால் சொற்கள் பொருளற்றவை. நாம் கேட்பதும் அவருக்குச் சரியாகப் புரியாது. இவர்களுக்குக் கை கால் விழாமலும் இருக்கலாம் என்பதுதான் ஆபத்து. பாரிசவாதம் என்று யாருக்கும் தோன்றாது. புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். போகும் ஒவ்வொரு நிமிடமும் மூளை செல்கள் செத்துக்கொண்டிருக்கும். திடீரென்று ஒருவர் பேச்சு மாறினால் உடனே 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள், இலங்கையில் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த வசதி எல்லா வைத்தியசாலையிலும் இல்லை. மலைப்பாதையில் போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள்.

சில வீடுகளில் ஒரு சந்தேகம் வரும். மகள் பெயரைச் சொல்ல முடியாதவர் காமன் கூத்துப் பாட்டை வரி பிசகாமல் பாடுவார். ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணுவார், கோபம் வந்தால் திட்டவும் செய்வார். "பாடத் தெரியுது, பேசத்தான் பிடிவாதம்" என்பார்கள். அது பெரிய அநியாயம். மனப்பாடமாக ஊறிப்போனவையும் ராகமும் புதிதாக வாக்கியம் கட்டும் வழியில் வருவதில்லை, மூளையின் வலது பாதியும் அதில் கைகொடுக்கிறது. இந்த வழியைப் பயன்படுத்தித்தான், சொற்களை ராகத்தோடு இழுத்துச் சொல்லி, இடது கையால் தாளம் தட்டும் சிகிச்சையை 1970களில் அமெரிக்காவில் உருவாக்கினார்கள்.

நம் ஆட்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டில் தமிழ், டவுனில் சிங்களம். அஃபேசியா வந்தால் பெரும்பாலும் இரண்டு மொழியும் அடிபடும், ஆனால் ஒரே அளவில் அடிபடும் என்றில்லை. சிங்களத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் வராததை மட்டும் வைத்து ஒருவரின் நிலையைத் தீர்மானிக்க முடியாது. அவர் எந்த மொழியில் அதிகம் பேசினார் என்பதைக் கூட இருப்பவர்தான் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும்.

முதல் சில மாதங்களில்தான் பேச்சு வேகமாகத் திரும்பும், அப்புறம் மெதுவாக வருடக்கணக்கிலும் தேறலாம். டிவியை நிறுத்திவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் கேளுங்கள். "என்ன வேணும்?" என்பதைவிட "தேத்தண்ணியா, தண்ணியா?" என்று இரண்டையும் காட்டிக் கேட்பது அவருக்குச் சுலபம். சொல்லை நீங்களே முடித்துவிடாமல் கொஞ்சம் பொறுங்கள். சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேசாதீர்கள். வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, பேச்சுச் சிகிச்சையாளரைப் பார்க்க எந்த வைத்தியசாலைக்கு, எந்த நாளில் வர வேண்டும் என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.