காதுக்கு ஒரு சாண் தூரத்தில்

1932 ஜனவரியில் பாஸ்டன் நகரத்துக் கத்தோலிக்கக் கர்தினால் வில்லியம் ஓ'கானல் ஒரு பாட்டு முறையைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். வானொலியில் இளைஞர்கள் குரலை உயர்த்தாமல், காதுக்குள் சொல்வது மாதிரி காதல் பாட்டுப் பாடுகிறார்கள், இது சீரழிவு, உண்மையான அமெரிக்க ஆண் எவனும் இப்படிப் பாட மாட்டான் என்பது அவர் வாதம். அந்தப் பாணிக்கு க்ரூனிங் என்று பெயர். அதன் பெரிய நட்சத்திரமாகப் போகிற பிங் கிராஸ்பி, முந்தைய ஆண்டுதான் சிபிஎஸ் வானொலியில் நாடு முழுக்க ஒலிக்கத் தொடங்கியிருந்தார்.

கர்தினாலின் தீர்ப்பு நிற்கவில்லை. ஆனால் என்ன மாறியிருக்கிறது என்பதை அவர் காது சரியாகவே பிடித்திருக்கிறது. அதுவரை மேடைப் பாட்டு என்றால் தூரத்திலிருந்து வருவது, ஆயிரம் பேருக்குப் பொதுவானது. இப்போது முன்பின் தெரியாத ஒருவரின் குரல், நெருங்கிய உறவுகள் மட்டுமே பேசுகிற தூரத்தில் வந்து நின்றது. அமெரிக்காவின் பழைய வெகுஜனப் பாடல்களை இன்று கேட்கும்போதும் நம்மை முதலில் தொடுவது அந்த நெருக்கம்தான். அது உருவான விதத்தில் இயற்பியலுக்கும் பங்கு உண்டு, இசையமைப்பாளர்களின் கைவண்ணத்துக்கும் பங்கு உண்டு.

1925-க்கு முன் இசைத்தட்டுப் பதிவில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. பாடகர் ஒரு பெரிய உலோகக் கூம்பின் வாயில் பாடுவார். கூம்பின் குறுகிய முனையில் இருக்கும் மெல்லிய தகடு அதிரும். அதோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். ஊசியை அசைக்கும் சக்தி முழுவதும் பாடகரின் நெஞ்சிலிருந்துதான் வந்தாக வேண்டும். மெல்லப் பாடினால் தட்டில் ஒன்றும் விழாது. அப்படிக் கத்திப் பாடினாலும் பதிவானது ஏறத்தாழ 250-லிருந்து 2,500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரை மட்டுமே. சாதாரணமாகப் பேசும் ஆணின் அடிப்படை அதிர்வெண் 100, 120 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். 'ஸ்' போன்ற ஒலிகளின் சக்தி பெரும்பாலும் 4,000-க்கு மேல். அதாவது குரலின் மார்புப் பகுதியும் போயிற்று, பல்லும் நாக்கும் உரசும் பகுதியும் போயிற்று. எஞ்சிய மேல் அதிர்வுகளை வைத்து, இல்லாத அடிப்படைச் சுரத்தை மூளை தானே ஊகித்துக்கொள்ளும். அதனால் மெட்டு புரியும். அந்தக் குரலின் வெதுவெதுப்பு மட்டும் கிடைக்காது.

மேடையிலும் நிலைமை அதுதான். வாத்தியக் குழுவைத் தாண்டி கடைசி வரிசை வரை குரல் போய்ச் சேர வேண்டும். ஆபரா பாடகர்கள் இதற்கு ஓர் அருமையான வழியைக் கண்டிருந்தார்கள். தொண்டையின் வடிவத்தை மாற்றி 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒலியைக் குவிப்பார்கள். வாத்தியக் குழுவின் ஒலி பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் பக்கம் திரண்டிருப்பதால், 3,000-ல் போட்டி குறைவு. குரல் தனியாகத் தெரியும். அதற்கு விலை, சொற்கள். அப்படிக் குவித்துப் பாடினால் உயிரொலிகள் உருமாறும், பேச்சின் சாயல் போய்விடும்.

1925-ல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் மின்பதிவு முறை வந்தது. விக்டர், கொலம்பியா இரண்டு பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகளும் அதே ஆண்டில் அதற்கு மாறின. இப்போது குரல் செய்ய வேண்டியது மைக்கில் ஒரு சிறு மின்னோட்டத்தை எழுப்புவது மட்டுமே. அதைப் பெருக்கும் வேலையை வெற்றிடக் குழாய்கள் பார்த்துக்கொள்ளும். ஊசியை அசைப்பது பாடகரின் வேலையாக இல்லாமல் போனது. பதிவின் மேல் எல்லை ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு உயர்ந்தது, கீழ் எல்லை 100-ஐ நெருங்கியது. பேச்சுக்குரலின் அளவில் பாட முடியும் என்ற நிலை அன்றுதான் வந்தது.

அப்புறம் 1930-களின் தொடக்கத்தில் ஆர்சிஏ நிறுவனத்தின் ரிப்பன் மைக் வந்தது. பழைய புகைப்படங்களில் பாடகரின் முகத்துக்கு எதிரே மாத்திரை வடிவத்தில் பெரிதாகத் தொங்குகிறதே, அதுதான். அதன் உள்ளே, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவில், நெளிநெளியாக மடித்த அலுமினிய நாடா ஒன்று இருக்கும். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். காற்று அசைந்தால் நாடா அசையும், மின்னோட்டம் பிறக்கும்.

இந்த நாடாவுக்கு முன்பக்கமும் திறப்பு, பின்பக்கமும் திறப்பு. ஆகவே இரு பக்கங்களிலும் உள்ள காற்றழுத்தத்தின் வித்தியாசத்துக்குத்தான் அது அசையும். தூரத்திலிருந்து வரும் ஒலி இரு பக்கங்களையும் ஏறத்தாழ ஒரே வலுவோடு அடையும். பின்பக்கம் போய்ச் சேர மட்டும் கொஞ்சம் தாமதமாகும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்று மீட்டருக்கு மேல். சில சென்டிமீட்டர் சுற்றுவழியில் அதன் அழுத்தம் பெரிதாக மாறிவிடாது. எனவே தாழ்ந்த ஒலிகளுக்கு வித்தியாசம் மிகச் சிறியது. அதை ஈடுகட்ட, தாழ்ந்த ஒலிகளுக்கு நாடா எளிதாக அசையும்படியே மைக்கை வடிவமைத்திருந்தார்கள்.

பாடகர் ஒரு சாணுக்குள் நெருங்கி வந்தால் கதை மாறும். ஒலி, தூரத்தோடு வலுக் குறையும். உதட்டிலிருந்து முன்பக்கம் பத்து சென்டிமீட்டர் என்றால் பின்பக்கம் பதிமூன்று, பதினான்கு. முன்பக்க அழுத்தம் இப்போது கணிசமாக அதிகம். இந்த வித்தியாசம் எல்லா அதிர்வெண்ணுக்கும் கிடைக்கிறது. ஆனால் தாழ்ந்த ஒலிகளுக்கு ஏற்கெனவே ஈடு கொடுத்து வைத்திருக்கிறோம் அல்லவா? இரண்டும் சேர்ந்து கீழ்ப்பகுதி தடித்து வரும். கிராஸ்பி போன்ற பாரிடோன் குரலுக்கு (நடுத்தர ஆழமுள்ள ஆண்குரல்) அது மார்பிலிருந்து எழும் ஒரு கனத்தைக் கூட்டியது. ஒருவர் நம் தோளருகே பேசும்போது கேட்கிற கனம் அது.

தூரம் என்ற உணர்வுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓர் அறையில் நேராக வரும் ஒலிக்கும், சுவரில் பட்டுத் திரும்பி வரும் ஒலிக்கும் உள்ள விகிதத்தை வைத்துத்தான் மூளை தூரத்தை எடைபோடுகிறது. மைக் உதட்டருகே இருந்தால் நேரொலி மேலோங்கும். மூச்சு கேட்கும், உதடு பிரிவது கேட்கும். கேட்பவர் எங்கே உட்கார்ந்திருந்தாலும் "பக்கத்தில் இருக்கிறார்" என்று மூளை முடிவுகட்டிவிடும்.

பத்து சென்டிமீட்டரிலிருந்து இருபதுக்கு நகர்ந்தால் ஒலி 6 டெசிபல் குறையும். இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவர் அதே பத்து சென்டிமீட்டர் நகர்ந்தால் அரை டெசிபல்கூடக் குறையாது. ஆகவே நெருங்கி நிற்கும் பாடகருக்குக் கழுத்தின் சிறு அசைவே வாத்தியத்தின் ஒரு கட்டை மாதிரி. இதை முழுமையாகப் புரிந்துகொண்டவர் பாடகர் பிராங்க் சினாட்ரா. மைக்கை அவர் ஒரு இசைக்கருவியாகவே நடத்தினார். வெடிக்கும் மெய்யெழுத்து வரும் இடத்தில் முகத்தைத் திருப்புவார், குரல் ஏறும் இடத்தில் விலகுவார், மூச்சை மைக்குக்குக் காட்டாமல் எடுப்பார்.

அந்த மூச்சை அவர், டிராம்போன் என்ற ஊதுவாத்தியத்தை வாசிக்கும் ஒரு கலைஞரிடமிருந்து கற்றார். 1940 முதல் 1942 வரை டாமி டார்சியின் குழுவில் பாடியபோது, டார்சி நீளமான ஒரு சொற்றொடரை எங்கே மூச்செடுத்து வாசிக்கிறார் என்றே தெரியவில்லை என்பதைக் கவனித்தார். வாயின் ஓரத்தில் சிறு இடைவெளி விட்டு டார்சி காற்றைத் திருடிக்கொண்டிருந்தார். சினாட்ரா நீச்சல் குளத்தில் தண்ணீருக்கடியில் நீந்தி நுரையீரலைப் பழக்கினார். மற்றவர்கள் வரி முடிந்ததும் மூச்சு விட்டு வெட்டும் இடத்தில், அவர் வரியைத் தாண்டிப் போய் அர்த்தம் முடியும் இடத்தில் நிறுத்தினார். கவிதை வரி, பேசும் வாக்கியமாக மாறிவிட்டது.

சரி, இவர்கள் பாடிய பாடல்கள் எங்கிருந்து வந்தன? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த முரண் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்காக எழுதப்பட்டவை. 1930-களில் அந்த மேடைகளில் பொதுவாக மைக் கிடையாது. 1930 அக்டோபரில் ஜார்ஜ் கெர்ஷ்வினின் 'ஐ காட் ரிதம்' பாடலை எத்தல் மெர்மன் அரங்கேற்றியபோது, ஓர் உச்சச் சுரத்தைப் பதினாறு பார் (நம் தாள ஆவர்த்தனம் மாதிரி ஓர் அளவு) நீளத்துக்கு விடாமல் பிடித்து அரங்கையே எழுப்பினார். அந்த உலகத்துக்கான பாடல்கள் இவை. ஆனால் அவற்றுக்குள் இருந்த இன்னொரு குணம் அரங்கின் சத்தத்தில் பாதிதான் தெரிந்தது. மைக் வந்து அதை வெளியே கொண்டுவந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தக் குணம் ஹார்மனியில் இருக்கிறது. நம் கச்சேரியில் சுருதி அசையாமல் நிற்கும், ராகம் அதன்மேல் நகரும். இந்தப் பாடல்களில் அடித்தளமே நகரும். மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்ட், ஒவ்வொரு பாரிலும் மாறிக்கொண்டே போகும். மெட்டு அதே சுரத்தில் நின்றாலும் கீழே கார்ட் மாறினால் அந்தச் சுரத்தின் உறவு மாறிவிடும்.

கோல் போர்ட்டர் 1944-ல் ஒரு பிராட்வே நிகழ்ச்சிக்கு எழுதிய 'எவ்ரி டைம் வி ஸே குட்பை' இதற்கு நல்ல பாடம். தொடக்கத்தில் மெட்டு ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தொடுகிறது, பேசுவதுபோலவே. கார்டுகள் மட்டும் அடியில் நகர்கின்றன. பிறகு ஒரு வரி, வெளிச்சமாக ஒலிக்கும் மேஜர், சோகமாக ஒலிக்கும் மைனராக மாறும் விசித்திரத்தைப் பற்றியே பேசுகிறது. சரியாக அந்த இடத்தில் கார்டும் மேஜரிலிருந்து மைனருக்கு இறங்குகிறது. நம் மொழியில் சொன்னால், கார்டின் நடுவில் இருந்த அந்தர காந்தாரம் அரைச் சுரம் தாழ்ந்து சாதாரண காந்தாரம் ஆகிறது. சட்ஜத்தோடு அதன் விகிதம் 5:4-லிருந்து 6:5 ஆகிறது. ஒரே ஒரு சுரம், அதுவும் கொஞ்சம்தான் நகர்ந்தது. ஆனால் அறையின் வெளிச்சமே குறைந்துவிடுகிறது. மைனர் ஏன் சோகமாகக் கேட்கிறது என்பதில் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், நடிகர்கள் சோகமாகப் பேசிய சொற்களின் ஏற்ற இறக்கமே இந்தச் சிறிய காந்தார இடைவெளியை ஒட்டி இருந்தது தெரியவந்தது.

இதைவிடவும் ஆழமான வேலை ஜெரோம் கெர்ன் செய்தது. 1939-ல் வந்த அவருடைய நாடகம் 59 காட்சிகளோடு முடிந்துபோயிற்று. அதிலிருந்த 'ஆல் த திங்ஸ் யூ ஆர்' மட்டும் இன்றும் ஜாஸ் கலைஞர்களின் பாடத்திட்டத்தில் இருக்கிறது. பாட்டின் நடுப்பகுதி முடியும்போது மெட்டு ஒரு நீண்ட சுரத்தில் நிற்கும். அந்தக் கணத்தில் அடித்தளம் இ மேஜர், அதற்கு இந்தச் சுரம் அந்தர காந்தாரம். அடுத்து கார்ட் வழுக்கி எஃப் மைனருக்குப் போகிறது. மெட்டு அதே சுரத்திலிருந்து தொடர்கிறது, ஆனால் புதிய அடித்தளத்துக்கு அது சாதாரண காந்தாரம். கிரக பேதம் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சிலிர்ப்பு புதிதல்ல. பியானோவில் பன்னிரண்டு சுரங்களையும் சம விகிதத்தில் பிரித்திருப்பதால்தான் ஒரே கட்டை இரண்டு பெயர்களோடு இப்படி இரண்டு வீடுகளுக்கும் சொந்தமாக முடிகிறது.

மெட்டின் தாவலில் உணர்ச்சியை வைத்தவர் ஹெரால்ட் ஆர்லன். 1939-ல் ஜூடி கார்லண்ட் திரைப்படத்தில் பாடிய 'ஓவர் த ரெயின்போ' கீழ் சட்ஜத்திலிருந்து ஒரே தாவலில் மேல் சட்ஜத்துக்குப் போகிறது. முதல் சொல்லிலேயே அதிர்வெண் இரட்டிப்பு. பிறகு நி ப த நி என்று படிப்படியாகத் திரும்பி மேல் சட்ஜத்தில் அமர்கிறது. அடுத்த தாவல் சட்ஜத்திலிருந்து தைவதம் வரைதான், அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம் சிறியது. எட்டாத இடத்துக்கு ஆசைப்பட்டு, எட்டுகிற தூரம் குறைந்துகொண்டே வருவது மெட்டிலேயே இருக்கிறது. இந்தப் பாட்டைப் படத்திலிருந்து வெட்டிவிட எம்ஜிஎம் நிறுவனத்தில் யோசித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பதைக்கிறது.

இந்தப் பாடல்களில் பெரும்பாலானவற்றின் அமைப்பு எளிது. எட்டு பார் கொண்ட ஒரு பகுதி, அதே பகுதி மறுபடியும், எட்டு பாரில் வேறொரு நடுப்பகுதி, கடைசியில் முதல் பகுதி மீண்டும். மொத்தம் 32 பார். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் பிடிக்கும் 78 சுழற்சி இசைத்தட்டுக்குள் இது வசதியாக அடங்கியது. ஒரு சுற்று முடிவதற்குள் முக்கிய மெட்டை மூன்று முறை கேட்டுவிடுவோம், அது மனதில் ஒட்டிக்கொள்ளும்.

மெட்டு மனதில் ஒட்டிவிட்டால் பாடகருக்கு ஒரு சுதந்திரம் கிடைக்கிறது. பாடகி பில்லி ஹாலிடேயின் குரல் எல்லை ஒரு ஸ்தாயியை விடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் அடி விழும் இடம் தெரிந்தும் அவர் சொல்லைத் தாமதமாக வைப்பார். நம் மூளை அடுத்த அடியை முன்கூட்டியே எதிர்பார்க்கும். குழு சரியான நேரத்தில் போய்க்கொண்டிருக்க, சொல் மட்டும் பின்தங்கி வரும். அந்தக் கண நேர இடைவெளியில்தான் தயக்கம், களைப்பு, சொல்லலாமா வேண்டாமா என்ற எண்ணம் எல்லாம் கேட்கின்றன. டெடி வில்சனின் பியானோவோடு 1935 முதல் அவர் பதிந்த பாடல்களில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். கத்திப் பாடும் குரலில் இந்த நுணுக்கம் எடுபடாது. நெருக்கத்தில்தான் தாமதத்துக்கு அர்த்தம் உண்டு.

1948-ல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டைக் கொண்டுவந்த பிறகு, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. 1955-ல் சினாட்ரா, நெல்சன் ரிடிலின் வாத்திய அமைப்பில், தூக்கம் வராத இரவின் மனநிலை ஒன்றையே ஒரு முழுத் தட்டாகப் பாடினார். அடுத்த ஆண்டு பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், கோல் போர்ட்டரின் பாடல்களை மட்டும் வைத்து இரண்டு எல்பி கொண்ட தொகுப்பைப் பதிந்தார். இந்தப் பாடல்களுக்குள் புதிதாக நுழைபவருக்கு நான் எடுத்துக் கொடுப்பது அந்தத் தொகுப்பைத்தான். மேஜர் மைனராகும் அந்தப் பாட்டும் அதில் இருக்கிறது. ஹெட்போனில் கேளுங்கள். கார்ட் இறங்கும் அந்த இடத்தில் ஃபிட்ஸ்ஜெரால்ட் குரலில் எந்த அழுத்தமும் சேர்க்கவில்லை, அலங்காரமும் இல்லை. போர்ட்டர் எழுதிய சுரத்தை எழுதியபடி பாடிவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்.