தலையிடியும் கழுத்து விறைப்புமா? குளிசைகளையும் கொண்டு வாருங்கள்

வன்னியில் மாரி தொடங்கினால் காய்ச்சலோடு வருகிறவர்களின் வரிசை நீளும். டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் என்றுதான் வைத்தியர்களான எங்கள் யோசனையும் ஓடும். அது சரியான யோசனைதான். ஆனால் காய்ச்சலோடு கடும் தலையிடி, சத்தி, வெளிச்சம் பார்க்க ஏலாமை, நாடி நெஞ்சில் படாத அளவுக்குக் கழுத்து விறைப்பு எல்லாம் சேர்ந்து வந்தால், மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் அழற்சி இருக்கலாம். அப்போது இன்னொரு கேள்வியும் கட்டாயம் கேட்க வேண்டும்: கடைசியாக என்ன மருந்து போட்டீர்கள்?

கிருமி எதுவும் இல்லாமல், போட்ட மருந்தாலேயே இந்த அழற்சி வரலாம். அரிதுதான். ஆனால் அதற்குக் காரணமாக அதிகம் பதிவான மருந்துகள் நாம் எல்லோரும் அறிந்தவை: வலிக்குப் போடும் ஐபுப்ரோபென், கிருமிக்குக் கொடுக்கும் கோட்ரைமொக்சசோல். லூபஸ் (உடலின் நோயெதிர்ப்பே உடலைத் தாக்கும் நோய்) நோயாளரில் ஐபுப்ரோபென்னால் இப்படி வந்தது 1978இலேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது. வலிப்புக்குக் கொடுக்கும் லாமோட்ரிஜின் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2010இல் எச்சரித்தது. இரத்த நாளம் வழியாக ஏற்றும் இம்யூனோகுளோபுலின் என்ற நோயெதிர்ப்புப் புரதத்தாலும் ஓரிரு நாளுக்குள் வருவதுண்டு.

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். "என்ன குளிசை போட்டனீங்கள் அக்கா?" என்று கேட்டால், "ஒண்டும் போடேல்லை டொக்டர்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வயலுக்குப் போய் வந்த உளைவுக்கு மட்டும் ரெண்டு போட்டனான்" என்றார். எங்கள் சனத்துக்கு உளைவுக் குளிசை மருந்துக் கணக்கில் வராது. மகள் வீட்டுக்குப் போய் எடுத்துவந்த சின்னக் கடதாசி உறையில் மருந்தின் பெயர் இல்லை, காலை 1, இரவு 1 என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே கத்தரித்த அட்டைத் துண்டு. அதில் பெயரின் கடைசி இரண்டு மூன்று எழுத்துகளும் 400 என்ற எண்ணும் மிஞ்சியிருந்தன. ஐபுப்ரோபென். முந்தின வருடமும் மூளைக்காய்ச்சல் என்று படுத்திருந்தாராம். அப்போதும் அதற்கு முதல் நாள் உளைவுக்குக் குளிசை போட்டது கேட்கக் கேட்கத்தான் நினைவுக்கு வந்தது. மாதக்கணக்காக மூட்டு நோவும், வெயில் பட்டால் கன்னத்தில் சிவப்பும் இருந்திருக்கின்றன. பிறகு செய்த இரத்தப் பரிசோதனைகள் லூபஸைக் காட்டின.

முதல் தடவை மருந்து போட்டுச் சில நாள் கழித்துக்கூட அறிகுறி தொடங்கலாம். அதே மருந்தை மறுபடி போட்டால் சில மணி நேரத்திலேயே வந்துவிடலாம். அதனால்தான் "முன்பும் இப்படி வந்ததா, அப்போது என்ன போட்டீர்கள்" என்று துருவித் துருவிக் கேட்கிறோம். முகவீக்கம், கண் சிவப்பு, தோல் தடிப்பு கூடவே இருந்தால் மருந்தின் மேல் சந்தேகம் கூடும்.

ஆனாலும் சந்தேகத்தை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது. இந்த இடத்தில் அவசரப்பட்டால் உயிர் போகும். முதுகுநீரை எடுத்துப் பார்த்தால், மருந்தால் வந்த அழற்சியிலும் வெள்ளணுக்கள் நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரக்கணக்கில் இருக்கும். பெரும்பாலும் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணு வகைதான். புரதமும் கூடியிருக்கும். பக்டீரியாத் தொற்றும் அப்படித்தான் தெரியும். சீனியின் அளவு பெரும்பாலும் குறையாமல் இருப்பது ஒரு துப்பு, அவ்வளவுதான். அதனால் கிருமிக்கொல்லி ஊசியை உடனே தொடங்கிவிட்டு, சந்தேக மருந்தை நிறுத்திவிட்டு, அந்த நீரில் கிருமி வளருகிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனையின் முடிவுக்குக் காத்திருப்போம். காசநோய், வைரஸ், எலிக்காய்ச்சல் எல்லாவற்றையும் விலக்கிய பிறகே மருந்தைக் குற்றம் சொல்லலாம். அந்த அக்காவுக்குக் கிருமி வளரவில்லை, இரண்டு மூன்று நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வெளியே ஏற்கெனவே கிருமிக்கொல்லி குடித்துவிட்டு வருகிறவர்களில் கிருமி இருந்தும் வளராமல் போகலாம். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

முதுகில் ஊசி என்றதும் "கால் வழங்காமல் போயிடும்" என்று கையெழுத்துப் போட மறுக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பயம் எனக்கு விளங்குகிறது. வளர்ந்தவர்களில் முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்பு வடம்) இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. நாங்கள் குத்துவது அதற்குக் கீழே, நீர் நிறைந்த பையில். இரண்டொரு நாள் தலையிடி வரலாம், கால் போகாது. அந்தச் சில மில்லிலீற்றர் நீர் இல்லாவிட்டால் நாங்கள் இருட்டில்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

சவ்வோடு நிற்காமல் மூளைக்குள்ளேயும் அழற்சி போவதுண்டு. ஆள் தடுமாறுவார், குணம் மாறும், வலிப்பு வரும். கழிப்புக் கழிக்கவோ நூல் கட்டவோ விரும்பினால் பிறகு செய்யலாம், முதலில் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நோயெதிர்ப்பைத் தூண்டும் புதிய புற்றுநோய் ஊசிகள் ஏற்றியவர்களில் வாரங்கள், மாதங்கள் கழித்தும் இது வரலாம். தாமதிக்காமல் ஸ்டீரொயிட் கொடுத்தால் பலருக்குக் குணமாகும். லெவாமிசோல் என்ற வயிற்றுப் பூச்சி மருந்து மூளையின் வெண்பகுதியைத் தாக்கியதாகப் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. ஆடு மாடுகளுக்கும் கொடுக்கிற மருந்து அது. பட்டிக்கு வாங்கியதை ஒருபோதும் வீட்டில் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

இதை வாசித்துவிட்டு யாரும் கிளினிக் குளிசையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. மெலியோய்டோசிஸ் (மண்ணிலும் நீரிலும் இருக்கும் பக்டீரியாவால் வரும் நோய்) வந்தவர்களுக்குக் கோட்ரைமொக்சசோல் மாதக்கணக்கில் தேவை, இடையில் விட்டால் நோய் திரும்பும். காய்ச்சல் நேரத்தில் நோவுக்குப் பரசிற்றமோல் மட்டும் போதும். டெங்குவிலும் ஐபுப்ரோபென், டைக்ளோபெனாக் ஆகாது. மருந்தால்தான் வந்தது என்று வைத்தியர் சொன்னால், அந்த மருந்தின் பெயரைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதித் தரச் சொல்லுங்கள். வியாபாரப் பெயர் கடைக்குக் கடை மாறும், எனவே மருந்தின் உண்மைப் பெயரே வேண்டும். பாமசியில் அட்டையை வெட்டித் தந்தாலும் உறையில் பெயரை எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள்.