ஐடிலிங்: 'செயலற்ற நிலை' என்று எழுதுவதை நிறுத்தலாமே

"குளிர்காலத்தில் எஞ்சின் செயலற்ற நிலையில் இருக்கும்போது அதன் வெப்பநிலை குறைகிறது." தமிழாக்கம் செய்த கார் குறிப்புகளில் இந்த மாதிரி வாக்கியம் தாராளமாகக் கிடைக்கிறது. படிக்கிறவர் என்ன நினைப்பார்? அணைத்துப் போட்ட எஞ்சின் ஆறத்தானே செய்யும், இதில் விளக்க என்ன இருக்கிறது என்றுதான். ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'ஐடிலிங்', அதாவது வண்டி நின்றிருக்க எஞ்சின் மட்டும் ஓடுவது. அங்கே இருந்த கேள்வியே வேறு: எஞ்சின் ஓடுகிறது, பெட்ரோல் எரிகிறது, ஆனாலும் சூடு காட்டும் முள் ஏன் இறங்குகிறது? ஒரே சொல்லில் அந்தக் கேள்வி காணாமல் போய்விட்டது.

ஆங்கில 'ஐடில்' பழைய ஜெர்மானியச் சொல். முதல் பொருள் வெறுமை. வேலையில்லாமை, சோம்பல் எல்லாம் பிறகு ஏறியவை. எஞ்சினுக்கு இந்தச் சொல் வந்தது 20-ஆம் நூற்றாண்டில். சக்கரத்துக்கு விசை கொடுக்காமல் தன்னளவில் மெதுவாகச் சுழன்றுகொண்டிருப்பது என்று பொருள். அகராதியில் முதலில் கண்ணில் படும் 'செயலற்ற' என்பதை எடுத்து எஞ்சினுக்கு ஒட்டியதுதான் பிழை. வேலையில்லாத ஆளுக்கும் பூட்டிக் கிடக்கும் ஆலைக்கும் அது பொருந்தும். ஐடிலிங்கில் நிற்கும் எஞ்சின் நிமிடத்துக்கு 700 முதல் 850 சுற்று சுற்றுகிறது. ஆயில் பம்பு, வாட்டர் பம்பு, ஆல்டர்னேட்டர், போட்டிருந்தால் ஏசி கம்ப்ரஸர், எல்லாவற்றையும் இழுக்கிறது. இதைச் செயலற்றது என்றால் எதைத்தான் செயல் என்பது? இந்த வழியில் போனவர்கள் 'செயலற்ற வேகம்: 750' என்றும் எழுதுகிறார்கள். செயலே இல்லாததற்கு வேகம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை போலும்.

சரி, மாற்று என்ன? 'நடுநிலை ஓட்டம்' என்று ஒன்று சொல்லலாம். ஆனால் அது கியரைப் பற்றிய பேச்சு. ஆட்டோமேட்டிக் வண்டியை 'டி'யில், அதாவது ஓடும் கியரில், வைத்து பிரேக்கை மிதித்து சிக்னலில் நின்றாலும் ஐடிலிங்தான். 'சுமையில்லா ஓட்டம்' கேட்க நன்றாக இருக்கிறது, மின்மோட்டாருக்கு அதுவே சரியான சொல். எஞ்சினுக்கு ஆகாது: நியூட்ரலில் 3,000 சுற்றுக்கு முறுக்கினாலும் சக்கரத்துச் சுமை இல்லை, ஆனால் அது ஐடிலிங் இல்லை. ஏசி போட்டு நிற்கும்போது சுமை உண்டு, அது ஐடிலிங். 'வெற்றோட்டம்' மூலப்பொருளுக்கு மிக நெருக்கம். வெறுமை, வெற்று, வெறுமனே என்று எல்லாம் ஒத்துவருகிறது. என்ன செய்வது, தமிழில் ஏற்கெனவே 'வெள்ளோட்டம்' இருக்கிறது. புது வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கும் நின்ற இடத்தில் ஓட விடுவதற்கும் காதில் ஒரே ஓசை விழுந்தால் பட்டறையில் வம்புதான்.

என் ஓட்டு 'சும்மா ஓட்டம்' என்பதற்கு. "வண்டி சும்மா ஓடிக்கிட்டு நிக்குது" என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. சும்மா என்பது கொச்சை, கையேட்டில் வரலாமா என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. அருணகிரிநாதருக்கு ஆகிவந்த சொல் கார் கையேட்டுக்கு ஆகாதாம்! மெக்கானிக்குகள் 'ஐடிலிங்' என்கிறார்கள், ஐடிலிங்கில் எஞ்சின் நிலையாக ஓடாவிட்டால் 'ஸ்லோ நிக்கல' என்கிறார்கள். அவையும் புரிகின்றன. புரியாத தூய சொல்லைவிடப் புரிகிற கடன்சொல் மேல். தவறாகப் புரிகிற தூய சொல்தான் எல்லாவற்றிலும் மோசம்.

இப்போது வாக்கியத்தைத் திருத்திப் பாருங்கள்: எஞ்சின் சும்மா ஓடும்போது குளிரில் முள் இறங்குகிறது. உடனே கேள்விக்கு உயிர் வந்துவிடும். விடை வெறும் வரவு செலவுக் கணக்கு. 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் சும்மா ஓடினால் மணிக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் குடிக்கும். அந்தப் பெட்ரோலில் உள்ள ஆற்றலை ஓடும் நேரத்துக்குப் பிரித்தால் 6 முதல் 7 கிலோவாட். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2 கிலோவாட் சொச்சம்தான் கூலன்டுக்கு, எஞ்சினுக்குள் ஓடி அதன் சூட்டை வாங்கும் திரவத்துக்கு, போகிறது. டொராண்டோவில் ஜனவரி விடியலில், வெளியே மைனஸ் 15 டிகிரியில், வண்டிக்குள் சூடேற்றும் ஹீட்டரின் ஊதுவிசிறியை முழு வேகத்தில் வைத்தால், ஹீட்டர் கூலன்டிலிருந்து அதைவிடக் கூடுதலான சூட்டை இழுத்துவிடும். கூலன்டின் சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் இங்கே காப்பாற்றாது. அது 82 அல்லது 88 டிகிரிக்குக் கீழே, கூலன்டை ஆற்றும் ரேடியேட்டருக்குப் போகும் பாதையை மட்டும்தான் மூடும். ஹீட்டர் பாதை பெரும்பாலான வண்டிகளில் திறந்தே இருக்கும். டீசல் இன்னும் மோசம்: குறைந்த எரிபொருளுக்கு அளவுக்கு மீறிய காற்றை உள்ளே வாங்கி, சூட்டோடு வெளியே தள்ளுகிறது.

ஆகவே முள் இறங்கியதுமே தெர்மோஸ்டாட்டை மாற்ற ஓட வேண்டாம். ஹீட்டரை அணைத்து ஐந்து பத்து நிமிடம் பாருங்கள். முள் மெல்ல ஏறினால் கணக்குதான் காரணம், பழுது இல்லை. சும்மா ஓடும்போது ஹீட்டரில் குளிர்காற்று வந்து, ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் சூடான காற்று வந்தால், கூலன்ட் குறைந்திருக்கும் அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கும்; எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள், சூட்டில் திறந்தால் முகத்தில் அடிக்கும். நெடுஞ்சாலையில் முள் இன்னும் கீழே போனால்தான் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். ஆறிய எஞ்சினைக் கிளப்பி ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டால் தெரியும்: நல்ல தெர்மோஸ்டாட் என்றால் அது வெகுநேரம் ஆறியே இருந்து பிறகு சட்டென்று சுடும், முதல் ஓரிரு நிமிடத்திலிருந்தே படிப்படியாகச் சூடேறினால் வால்வு மூடவில்லை. விசிறியின் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பல கார்களில் கூலன்டின் சூடு சுமார் 75 டிகிரிக்கும் 105 டிகிரிக்கும் இடையே எங்கிருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரிய இறங்கியிருந்தால் சூடு உண்மையிலேயே நன்றாகக் குறைந்திருக்கிறது.

இப்போது பேசிய கூலன்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் 'குளிர்விப்பான்' என்று எழுதுகிறார்கள். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கிளைகால் என்ற உறைதடுப்புத் திரவம் கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாமல் காப்பதும் இதே திரவம்தான். மைனஸ் 15-இல் நிற்கிறவரிடம் 'குளிர்விப்பான் ஊற்றுங்கள்' என்றால் ஏற்கெனவே குளிர்ந்தது போதாதா என்றுதான் கேட்பார்.

'ஐடில் ஸ்டாப்' என்ற வசதிக்கும் ஒரு தமிழாக்கம் புழங்குகிறது: செயலற்ற நிறுத்தம். சிக்னலில் வண்டி நின்றால் எஞ்சின் தானே அணைந்து, பிரேக்கை விட்டதும் தானே கிளம்பும் ஏற்பாடு அது. 'நின்றால் அணைதல்' என்று எழுதினால் போதும். கூலன்ட் போதிய சூட்டுக்கு வராதவரை அது வேலை செய்யாது. அதனால்தான் குளிர் நாடுகளில் காலையில் சிக்னலில் நின்றாலும் எஞ்சின் அணையாமல் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது.